பைகளுக்குக் காவல்

அத்தியாயம் 17

"அத்தை, இதையும் வெச்சுக்கோங்க" என்று எழிலரசி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினாள்.

சாவித்திரி மடியில் விரித்திருந்த கைக்குட்டையில் ஏற்கெனவே மகள் அகல்யாவின் இரட்டை வடமும் நான்கு வளையல்களும் மாப்பிள்ளை திருமுருகனின் மோதிரமும் இருந்தன. கணவர் சம்பந்தத்தின் ருத்திராட்சம் கோத்த தங்கச் சங்கிலியும் இருந்தது. மருமகளின் சங்கிலியையும் வாங்கி அதில் வைத்தாள். நான்கு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சைப் புடவைத் தலைப்பில் வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.

"அம்மா, குரங்கு நிறைய இருக்கு, பாத்துக்கோ. போன் எல்லாம் நீலப் பையில இருக்கு" என்றான் நிர்மல்.

"சரிப்பா. நீங்க போய்ட்டு வாங்க."

"அரை மணி நேரம்தாம்மா. வந்ததும் நீ போகலாம்."

ஐந்து பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்கள். புங்க மரத்தடியில் ஜமக்காளத்தின் மேல் நான்கு பைகளோடும் புளியோதரைத் தூக்குச் சட்டியோடும் சாவித்திரி இருந்தாள். கைலாசகோனா அருவி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. பாறை மறைத்தது. சத்தம் மட்டும் கேட்டது.

சென்ற வாரம் கோவில்பதாகை வீட்டுச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சாவித்திரி மருமகளிடம் சொன்ன ஒரு வார்த்தையில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. வருகிற புதன்கிழமை அவளுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை. "இனிமே வழுக்கற இடத்துப் பக்கமே போகாதீங்கம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அருவியில குளிச்சிடணும் எழிலு" என்றாள்.

எழிலரசி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க குற்றாலம் எல்லாம் போயிருக்கீங்களே அத்தை" என்று கேட்டாள்.

"போயிருக்கேன். மூணு தடவை. ஒகேனக்கல் ஒரு தடவை. சுருளி ஒரு தடவை. குளிச்சதில்லை. பையைப் பார்த்துக்க ஆள் வேணும் இல்ல?"

அன்றைக்கே எழிலரசி கணவனிடம் சொன்னாள். நிர்மலுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. அதில் பொய் இல்லை. அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவன் அவன். உடனே போனில், 'அம்மா அருவி ட்ரிப்' என்று ஒரு குழு தொடங்கினான். படி அதிகம் இல்லாத அருவியாகத் தேடிப் பிடித்தான். சனிக்கிழமை, அதுவும் பிரதோஷம் என்பதால் திரும்பும் வழியில் சுருட்டப்பள்ளி கோவிலையும் சேர்த்தான். நூம்பலிலிருந்து தங்கையையும் மாப்பிள்ளையையும் முந்தின நாளே வரவழைத்தான். அலுவலகத்தில் செய்வது போலவே ஒரு பட்டியலும் போட்டான். வேலை, பொறுப்பு, மாற்று ஆள் என்று மூன்று கட்டங்கள்.

வண்டி ஏற்பாடு: நிர்மல். மாற்று: திருமுருகன்.

தண்ணீர், பிஸ்கட்: அகல்யா. மாற்று: எழில்.

பைகள், நகை, போன்: அம்மா.

அந்த வரிசையில் மாற்று ஆள் கட்டம் காலியாக இருந்தது. ஐந்து பேரும் பார்த்தார்கள். ஐந்து பேரும் கட்டை விரலை உயர்த்தி அனுப்பினார்கள். எழிலரசியும்தான்.

அம்மாவுக்காக ஏற்பாடு செய்த பயணத்தில் அம்மாவைப் பைக்குக் காவல் வைத்துவிட்டோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழக்கம் என்பது அவ்வளவு பொல்லாதது.

அரை மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமானது.

சாவித்திரி தன் துணிப்பையை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டாள். மாற்றுப் புடவை, சீப்பு, ஒரு பொட்டலம் விபூதி. தாலிக் கயிற்றை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்தி வைத்திருந்தாள். காலையில் ஐந்தரை மணிக்கு வண்டியில் ஏறும்போதே குத்தி வைத்தது.

உடை மாற்றும் அறையைக் கூட்டித் துடைக்கிற பெண் ஒருத்தி வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள். பெயர் கெங்கம்மாள். மகளைத் திருநின்றவூரில் கொடுத்திருக்கிறாளாம். சாவித்திரி தாங்களும் ஆவடிப் பக்கம்தான் என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ குளிக்கலையாம்மா?"

"எல்லாரும் வரட்டும். அப்புறம் போறேன்."

"எப்ப வருவாங்க? தண்ணியில எறங்கினா யாரும் லேசுல வர மாட்டாங்க. எத்தினி வருசமா பாக்கறேன்." கெங்கம்மாள் பைகளைப் பார்த்தாள். சாவித்திரியின் கால்களைப் பார்த்தாள். "நான் இங்கதான் இருக்கேன். பையைப் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வாம்மா. இப்ப பொம்பளைங்க பக்கம் கூட்டமே இல்ல."

சாவித்திரிக்கு எழுந்துவிடலாமா என்று இருந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்கூட. இடுப்பு முடிச்சு உறுத்தியது.

நகையை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனால், இவள் பத்திரமாக வைத்திருப்பாள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எங்காவது ஒரு வளையல் புல்லில் விழுந்து தொலைந்தால்? என் வீட்டார் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? செய்யாத தப்புக்கு இவள் ஏன் தலை குனிந்து நிற்க வேண்டும்?

ஊன்றிய கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நீ கேட்டதே போதும்" என்றாள். தூக்கைத் திறந்து ஒரு வாழை இலைத் துண்டில் புளியோதரை வைத்துக் கொடுத்தாள். கெங்கம்மாள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் திரும்பி வந்தபோது பசியோடு வந்தார்கள். சாவித்திரி பரிமாறினாள். "இப்ப நீ போம்மா" என்று அகல்யா சொன்னாள். அதற்குள் சம்பந்தம், "சாப்பிட்ட கையோட குளிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் போகட்டும்" என்றார். சாவித்திரி அப்போது இரண்டு கவளம்தான் சாப்பிட்டிருந்தாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஆண்கள் மூவரும் மறுபடியும் குளிக்கப் போனார்கள். அவர்கள் சாப்பிட்டு அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. அகல்யா அண்ணியைப் படம் எடுக்க அழைத்துப் போனாள்.

மணி ஒன்றே முக்காலுக்கு விசில் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு விடாமல்.

மலைக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது. அருவியின் நிறம் செம்மண்ணாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஈரத் துணியோடு ஆட்கள் இறங்கி வந்தார்கள். காவலர் கம்பிக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டார்.

சாவித்திரி எழுந்து நின்றிருந்தாள். தோளில் துண்டு இருந்தது. கையில் மாற்றுப் புடவை இருந்தது.

சம்பந்தம் தலையைத் துவட்டியபடியே வந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த புடவையையும் பார்த்தார்.

"மூடிட்டாங்களா? சரி விடு. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். "எல்லாரும் கிளம்புங்க. அபிஷேகம் நாலரைக்கு ஆரம்பிச்சிடும்."

 சாவித்திரி புடவையைப் பைக்குள் வைத்தாள். ஜமக்காளத்தை உதற ஆரம்பித்தாள்.

எழிலரசிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"அடுத்த தடவைன்னா எப்போ மாமா?"

சம்பந்தம் திரும்பினார். இந்த வீட்டுக்கு வந்த நான்கு வருடங்களில் மருமகள் அவரிடம் எதிர்க் கேள்வி கேட்டதில்லை.

"என்னம்மா?"

"புதன்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் வழுக்கற இடத்துக்கே போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்களும்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அடுத்த தடவை எப்போன்னு கேக்கறேன்."

"எழில், விடு" என்றான் நிர்மல் தாழ்ந்த குரலில். "மாப்பிள்ளை இருக்காரு."

"இருக்கட்டும். திருமுருகன் அண்ணாவும் கேக்கட்டும்." அவள் நீலப் பையிலிருந்து தன் போனை எடுத்து அந்தப் பட்டியலைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பைகள், நகை, போன். யாரு? அம்மா. மாற்று ஆள் யாரு? படிங்க."

நிர்மல் படிக்கவில்லை.

"உன் ஆபீஸ்ல இப்படி ஒரு கட்டத்தைக் காலியா விட்டா சும்மா விடுவியா நிர்மல்? கீழ வேலை பாக்கறவனை எத்தனை கேள்வி கேப்பே?"

கோபத்தில் மாமனார் எதிரில் பெயர் சொல்லிவிட்டாள். அவளே அதைக் கவனிக்கவில்லை.

"நீயும்தானே பார்த்தே. கட்டை விரல் போட்டியே" என்றான் அவன்.

"போட்டேன். காலையில சங்கிலியைக் கழட்டிக் கொடுத்ததும் நான்தான். அதனாலதான் என் மேலயே எனக்கு அடங்கலை. யாருக்காக வந்தோம் இங்க? ட்ரிப்புக்குப் பேரு அம்மா ட்ரிப்பு. அம்மா எங்க இருந்தாங்க? இந்த மரத்தடியில. இங்கேருந்து அருவியே தெரியலை. நாம யாராவது ஒரு தடவை திரும்பிப் பார்த்தோமா?"

திருமுருகன் ஈரத் தலையைத் தடவிக்கொண்டான். "நான் மூணு தடவை குளிச்சேன் அத்தை" என்று சாவித்திரியிடம் சொன்னான். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவனுக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

"இப்ப என்ன பண்ணணுங்கறீங்க? மழைக்கு நான் பொறுப்பா?" சம்பந்தத்தின் குரல் உயர்ந்தது. "பிரதோஷத்துக்குச் சாமியைப் பார்க்கணும்னு காலையிலேருந்து ஒரு பொழுது இருக்கேன். அது யாருக்கும் கண்ணுல படலை. சாவித்திரி, பையை எடு. வண்டியில ஏறு."

சாவித்திரி ஜமக்காளத்தைக் கீழே வைத்தாள்.

இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்தாள். ஈரமில்லாத விரல்களால் மெதுவாக அவிழ்த்தாள். அகல்யாவின் வடத்தையும் வளையல்களையும் அகல்யா கையில் வைத்தாள். மோதிரத்தை மாப்பிள்ளை கையில் வைத்தாள். எழிலரசியின் சங்கிலியை அவளே கழுத்தில் போட்டுவிட்டாள். கடைசியாக ருத்திராட்சச் சங்கிலியைக் கணவர் கையில் கொடுத்தாள். நான்கு பைகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தி அவர் காலடியில் வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றாள். "நான் வரலை."

"எங்க வரலை?"

"சுருட்டப்பள்ளிக்கு. நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க இருக்கேன். திறந்தா குளிக்கறேன். திறக்கலைன்னா உக்காந்திருக்கேன். திரும்பி வரும்போது கூட்டிக்கிட்டுப் போங்க."

"சாமி காரியத்துல விளையாடாதே."

"விளையாடலைங்க. போன வருஷம் அந்தக் கோவிலுக்கு வந்தேனே, அப்பவே எனக்கு ஒண்ணு தோணிச்சு. சொல்லலை. விஷத்தைக் குடிச்ச களைப்புல சாமி படுத்திருக்காரு. அம்பாள் மடியில தலை வெச்சிருக்காரு. எல்லாரும் சாமியைத்தான் பார்த்தாங்க. நான் அம்பாளைப் பார்த்தேன். எத்தனை காலமா அசையாம உக்காந்திருக்கா. கால் மரத்துப் போயிருக்குமேன்னு நினைச்சேன்."

கணவர் காலடியில் இருந்த பைகளைப் பார்த்தாள்.

"அம்பாளுக்காவது மடியில சாமி. எனக்கு மடியில உங்க எல்லாரோட பை."

அவள் குரல் உயரவே இல்லை. மெல்ல நடந்து போய்க் கம்பிக் கதவுக்கு எதிரே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மடி காலியாக இருந்தது.

வேன் ஓட்டுநர் சரவணக்குமார் சாவியைச் சுழற்றியபடி வந்தான்.

"இன்னா சார், கெளம்பலயா? இப்ப எடுத்தா கரெக்டா பூடலாம்."

"அந்தம்மா வரமாட்டேங்கறா" என்றார் சம்பந்தம். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

சரவணக்குமார் பெஞ்சைப் பார்த்தான். அகல்யா இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"அய்ய, காலைலேருந்து அம்மா குளிக்கவே இல்லியா?" அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அப்ப இருங்க சார். வெயிட்டிங்லாம் போட மாட்டேன். பிரதோஷம் இன்னும் பதினஞ்சு நாள்ல இன்னொண்ணு கீது. அம்மாவுக்கு இன்னொரு நாள் கீதா?"

சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டுச் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டான்.

பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தோன்றாத ஒரு கேள்வி, சில சமயம் வண்டி ஓட்டுகிறவன் வாயிலிருந்து வருகிறது. கடவுள் நமக்குச் சொல்ல வேண்டியதை இப்படித்தான் யார் மூலமாகவோ சொல்லி அனுப்புகிறார். கேட்டுக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

சம்பந்தம் கேட்டுக்கொள்ளவில்லை. மரத்தடியில் பைகளின் நடுவே முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

நேரம் நகர்ந்தது. காவலர், "தண்ணி தெளிஞ்சா திறப்போம். ஆனா உறுதி கிடையாது" என்று சொல்லியிருந்தார். எழிலரசி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  சற்று நேரத்தில் நிர்மல் வந்து அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவள் முழங்கால் மீது கை வைத்தான். வீக்கம் எவ்வளவு என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுக்கவே இல்லை.

மூன்றேகாலுக்குக் கெங்கம்மாள் வந்தாள். கையில் பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அடியில் வரி வரியாக இருந்தது.

"இதைப் போட்டுக்கோம்மா. பாசியில வழுக்காது. நான் டெய்லி பாறை கழுவறது இதுலதான்."

"உனக்கு?"

"எனக்கு இந்தக் கல்லு எல்லாம் பழக்கம். தெளிஞ்சிடுச்சு தண்ணி. இப்ப தெறக்கப் போறாங்க. மொதல்ல பொம்பளைங்களை விடச் சொல்லியிருக்கேன்."

அவளாகவே குனிந்து செருப்பைச் சாவித்திரியின் காலருகே வைத்தாள். சாவித்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கிலி அவிழ்ந்தது. அகல்யா தன் வடத்தையும் வளையல்களையும் எடுத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் போனாள். "அப்பா, இதைப் பிடிங்க" என்றாள். எழிலரசியும் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். சாவித்திரி தன் துணிப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"குரங்கு நிறைய இருக்கு. பாத்துக்கோங்க" என்றாள்.

மருமகள் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, சாவித்திரி ஒவ்வொரு படியாக ஏறினாள். மேல் படியில் பாறை விலகியது. அருவி முழுதாகத் தெரிந்தது. சாவித்திரி நின்றுவிட்டாள்.

"என்ன அத்தை, கால் வலிக்குதா?"

"இல்ல. இவ்ளோ கிட்ட பார்த்ததில்லை."

கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போனாள். முதல் வீச்சு தலையில் விழுந்ததும் மூச்சுத் திணறிப் பின்வாங்கினாள். மறுபடி போனாள். கைகளைக் கூப்பியபடி நின்றாள். சிறிது நேரத்தில் கூப்பிய கைகள் தாமாகப் பிரிந்து இரண்டு பக்கமும் விரிந்தன. வாய் திறந்து என்னவோ சொன்னாள். எழிலரசி காதை அருகே கொண்டு போனாள்.

"கனமா இருக்கு எழிலு. தண்ணி இவ்ளோ கனமா இருக்கும்னு ஒருத்தருமே சொல்லலையே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அறுபத்தோரு வயதுப் பெண்ணின் அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எழிலரசிக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடம் யார் யார் எல்லாம் இதைத் தடுத்து வைத்திருந்தார்கள் என்கிற ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர் வழிந்ததால் அழுதது வெளியில் தெரியவில்லை.

கீழே சம்பந்தத்துக்கு உட்காரவே முடியவில்லை.

நிர்மலும் திருமுருகனும் டீ வாங்கப் போயிருந்தார்கள். கையில் நகை. காலடியில் பைகள். ஒரு குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்து அவரையே பார்த்தது. அவர் கையை ஓங்கினார். அது அசையவில்லை. அந்தப் பக்கம் திரும்புவதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து சாவித்திரியின் துணிப்பையைப் பிடித்து இழுத்தது. அவரும் இழுத்தார். பை கவிழ்ந்தது.

சீப்பு, விபூதிப் பொட்டலம், மாற்றுப் புடவை. புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை.

அவர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டார். உறைக்குள் இருந்தது ஆஸ்பத்திரிப் படிவம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது. இது இங்கே எதற்கு என்ற எரிச்சலோடு பிரித்தார்.

பெயர், வயது, முகவரி, சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து. எல்லாம் சாவித்திரியின் கையெழுத்தில், பேனாவில், தெளிவாக இருந்தன. அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

கீழே ஒரு கட்டம். 'அறுவைக்குப் பின் ஐந்து இரவுகள் உடன் தங்குபவர்.'

பெயர்: ரோஸி.

உறவு: எதிர் வீடு.

அந்த இரண்டு வரிகள் மட்டும் பென்சிலில் இருந்தன.

சம்பந்தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எதிர் வீட்டு ரோஸி. எட்மண்டின் மனைவி. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுக்கும்போது இவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பெயர்கூட ஒழுங்காக நினைவில் நின்றதில்லை.

வியாழக்கிழமை அவர் முப்பத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு ராமேசுவரம் போகிறார். பஜனைக் குழுவின் தலைவர் அவர்தான். ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நிர்மல் இருக்கிறான் என்று அவர் நினைத்திருந்தார். அகல்யா வருவாள் என்று நிர்மல் நினைத்திருந்தான். அண்ணி இருக்கிறாள் என்று அகல்யா. புது வேலையில் இன்னும் லீவு எடுக்க முடியாத எழிலரசி, மாமா இருக்கிறார் என்று. சாவித்திரி யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்தியிருக்க மாட்டாள். எதிர்க் கதவைத் தட்டியிருப்பாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். பேனாவில் எழுதினால் முடிவு. பென்சிலில் எழுதினால் இன்னும் மாற்றலாம் என்று பொருள். எத்தனை ஆயிரம் தாள்களில் அப்படி எழுதியிருப்பார். அவள் எதை எதிர்பார்த்துப் பென்சிலை எடுத்தாள் என்பது அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மத்தியானத்திலிருந்து இருந்த கோபம் இப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

எதிரே குரங்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"பையெல்லாம் பத்திரமா இருக்கா?"

நிமிர்ந்தார். சாவித்திரி நின்றிருந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளிரில் உதடு நடுங்கியது. முகம் மட்டும் அவர் எப்போதோ பார்த்து மறந்துபோன முகமாக இருந்தது. இரண்டு படி மேலே எழிலரசியும் அகல்யாவும் நின்றுவிட்டார்கள்.

சாவித்திரி படிவத்தைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

சம்பந்தம் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க ஒரு இடம்... பென்சில்ல இருக்கு" என்றார். "பேனா இருக்கு எங்கிட்ட. யார் பேரை எழுதணும், சொல்லு. எழுதிடறேன்."

சாவித்திரி தலைமுடியைச் சேர்த்துப் பிழிந்தாள். தண்ணீர் அவர் செருப்பருகே விழுந்தது.

"என்னைக் கேட்டுத்தான் எழுதணும்னா, பென்சிலாவே இருக்கட்டுங்க" என்றாள்.

மாற்றுப் புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு, கெங்கம்மாளுடைய செருப்பின் ஈரத் தடம் பதிய, உடை மாற்றும் அறைப் பக்கம் நடந்தாள்.

வேனில் சரவணக்குமார் எழுந்து ஒருமுறை ஹாரன் அடித்தான். கோவில் திரும்பும் வழியில்தான் இருந்தது. சம்பந்தம் நான்கு பைகளுக்கு நடுவே, மூடி கழற்றிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.